உலை வைக்குமுன்

அரிசி உண்டா, விறகு உண்டா, நீர் உண்டா என்று பாராமல் உலை வைப்பார் இல்லை. உண்பார் எத்தனை பேர் என்று எண்ணாமல் வைப்பாரும் இல்லை. அடுக்களையில் எவரும் அறிந்த இவ்வுண்மை, ஒரு நாடு தன் முதலாவது அணுவுலையை வைக்க எண்ணும்போது எத்துணைப் பெரிதாக விரிகின்றது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அணுவுலை நன்றோ தீதோ என்னும் வழக்கை ஈண்டுத் தீர்க்கப் புகுந்தேனல்லேன். அவ்வழக்கிற்கு முன்னே நிற்கும் வினா ஒன்றுண்டு. வைக்கத் துணியும் நாடு அதற்கு ஆயத்தமாக உள்ளதா என்பதே அது. அவ்வினாவுக்கு விடை தேடுவார், நம் நாட்டின் முதலாவது பெரிய மின்நிலையம் எழுந்த இம்மலைநாட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்கு மின்பொறியில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். பொருட்பாலைப் படிப்பிப்பவனுக்கு இதிலன்றி வேறு எதில் வேலை என்பதே என் விடை. தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல், சுற்றந்தழால், பொச்சாவாமை எனத் திருக்குறளின் 47 ஆம் அதிகாரம் முதல் 54 ஆம் அதிகாரம் வரை அமைந்த வைப்புமுறையை மாணாக்கர் மனனஞ் செய்திருப்பர். பெருவினையொன்றைத் தொடங்குவான் எண்ணவேண்டியவற்றை நிரல்பட நிறுத்திய எட்டுப் படிகள் அவை. அணு மின்நிலையத்துக்கு வேண்டும் ஆயத்தத்தை இக்காலத்து அறிஞர் வகுத்திருக்கும் முறையை நோக்கினால், அந்த எட்டும் அதனுள் அடங்கியிருக்கக் காணலாம்.

சர்வதேச அணுசக்தி முகவரகம் 2007 ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. முதலாவது நிலையத்தை அமைக்க விழையும் நாடு செய்யவேண்டியவற்றை அந்நூல் 19 தலைப்புகளாகவும் மூன்று கட்டங்களாகவும் வகுத்துரைக்கின்றது. நாட்டின் துணிபு, பாதுகாப்பு, முகாமை, நிதி, சட்டம், மேற்பார்வை அதிகாரம், மின்வலைப்பின்னல், ஆளணி, மக்கள் ஈடுபாடு, இடம், சுற்றாடல், அவசரகால ஏற்பாடு, எரிபொருள், கழிவு என அத்தலைப்புகள் செல்லும். இப்பத்தொன்பதனுள் உலைப்பொறி என ஒரு தனித் தலைப்பு இல்லை என்பது கருதத்தக்கது. பொறியை விலைக்கு வாங்கலாம். ஏனையவற்றை நாடே ஆக்கிக்கொள்ளல் வேண்டும். முதற்கட்ட முடிவில் நாடு அறிந்து துணியும் தகுதியையும், இரண்டாங் கட்ட முடிவில் கேள்விப்பத்திரம் கோரும் தகுதியையும், மூன்றாங் கட்ட முடிவில் நிலையத்தை இயக்கும் தகுதியையும் எய்தவேண்டும். இதற்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் செல்லும் என்பது அம்முகவரகத்தின் கணக்கு.

இலங்கை அம்முகவரகத்தில் 1957 ஆம் ஆண்டிலேயே உறுப்புரிமை பெற்றது. 1969 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தால் அணுசக்தி அதிகாரசபை அமைந்தது. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் அதனை இரண்டாகப் பிரித்தது. அணுசக்தியைப் பயன்படுத்தி வளர்க்கும் சபை ஒன்று. அதனை அடக்கி மேற்பார்க்கும் பேரவை மற்றொன்று. வளர்ப்பவனும் காவலனும் ஒருவனாதல் கூடாது என்பதே அப்பிரிவின் கருத்து. 2022 ஆம் ஆண்டில் முகவரகத்தின் வல்லுநர் குழுவொன்று இங்கு வந்து முதற்கட்ட ஆயத்தத்தை ஆராய்ந்தது. அதே ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நேர்ந்ததும், ஏப்பிரல் மாதத்தில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்தவியலாது நிறுத்தியதும் வாசகர் மறந்திரார். வலியறிதல் என்னும் அதிகாரத்தின் பொருள் இவ்விரு செய்திகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பார்க்கு நன்கு விளங்கும்.

வலியென்றது பணவலி மட்டுமன்று; மின்வலைப்பின்னலின் வலியும் அதனுள் அடங்கும். இதனை விளக்கத் தேயிலைத் தொழிற்சாலையே போதும். பழைய தொழிற்சாலைகளில் ஒரு நீர்ச்சில்லு ஒரு நெடுந்தண்டைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து வார்ப்பட்டிகள் சென்று கொழுந்து உருட்டும் பொறிகளையும் சல்லடைகளையும் இயக்கும். பெரிய பொறியொன்றின் பட்டி திடீரெனக் கழன்றால் தண்டு வெறிபிடித்தாற்போல் விரைந்தோடும். சில்லுக்கு நீர் குறைந்தால் எல்லாப் பொறிகளும் ஒருங்கே சோரும். நாட்டின் மின்வலைப்பின்னலும் அத்தகையதொரு நெடுந்தண்டே. ஆக்கமும் செலவும் கணந்தோறும் ஒத்திருத்தல் வேண்டும். ஆதலின் தனியொரு பொறியின் ஆற்றல் முழு வலைப்பின்னலின் ஆற்றலில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை மிகுதல் ஆகாது என்பது பொறியியலார் கைக்கொள்ளும் பொதுவிதி.

நம் நாட்டின் உச்ச மின்தேவை 2,500 மெகாவாட்டுக்குச் சற்று மேற்பட்டது. நள்ளிரவிலும் விடுமுறை நாட்களிலும் அது பெரிதும் குறையும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று பொறிகளும் தனித்தனி 300 மெகாவாட் ஆற்றலுடையவை. இவையே நம் வலைப்பின்னலுக்குப் பெருஞ்சுமை. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உப மின்நிலையத்தில் பழுது நேர்ந்தது. குரங்கொன்று பட்டதே காரணம் என அமைச்சர் கூறினார்; நாடு அதனைக் கேட்டு நகைத்தது. நகைக்கு அப்பால் உள்ள காரணம் வேறு. அன்று தேவை குறைவு. கூரைகளிலிருந்து வந்த சூரிய மின் மிகுதி. தண்டைச் சீராகச் சுழலச்செய்யும் கனத்த பொறிகள் சிலவே. ஓரிடத்துப் பழுது நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. நுரைச்சோலைப் பொறிகள் மூன்றும் நின்றுவிட, அடுத்த இரு நாட்களும் மின்வெட்டு நேர்ந்தது. தமிழ்நாட்டுக் கூடங்குளத்தில் உள்ள உலைகள் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் ஆற்றலுடையவை. அத்தகையதொன்றை இவ்வலைப்பின்னலில் பூட்டுவது குட்டி வள்ளத்தில் யானையை ஏற்றுவதனோடு ஒக்கும். சிறு உலைகளைப் பற்றிய பேச்சு இந்நாளில் எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னுமொன்று உண்டு. நிலக்கரி அடுப்பை அணைத்தால் அது அணைந்துவிடும். அணுவுலையோ அணைத்த பின்னும் கனன்றுகொண்டிருக்கும். நிறுத்திய கணத்தில் அதன் முழுவெப்பத்தில் நூற்றுக்கு ஆறு பங்களவும், சில மணிநேரத்தின் பின் ஒரு பங்களவும் எஞ்சிநிற்கும். 1,000 மெகாவாட் மின்னாக்கும் உலையின் வெப்பம் ஏறத்தாழ 3,000 மெகாவாட் ஆதலின், அவ்வொரு பங்கே 30 மெகாவாட்டாகும். 1950 ஆம் ஆண்டில் லக்சபான நிலையம் நாட்டுக்குத் தந்த மின்வலு 25 மெகாவாட் என்பதை இதனோடு ஒப்புநோக்குக. அவ்வெப்பத்தை அகற்ற நீரிறைக்கும் பொறிகளுக்கு வெளியிலிருந்து மின் வரவேண்டும். வாராவிடின் நிலையத்துள் உள்ள துணைப்பொறிகள் தவறாது இயங்கவேண்டும். 2011 மார்ச்சு 11 ஆம் நாள் யப்பானிய நாட்டுப் புகுசிமாவில் நிலநடுக்கம் வெளிமின்னை அறுத்தது. ஆழிப்பேரலை துணைப்பொறிகளைக் கெடுத்தது. அணைந்த உலைகளே உருகின. நாடு முழுவதும் இருளில் ஆழும் வழக்கமுடைய வலைப்பின்னல் அணுவுலைக்குத் தகுந்த துணையாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மலைநாட்டின் பங்கு இவ்விடத்தேதான் தோன்றுகின்றது. அணுவுலை குளிர்நீர் வேண்டிக் கடலோரத்தையே நாடும். தேயிலை மலைகளுக்கு அது வாராது. ஆயினும் நாடு இருண்டபோது வெளியுதவியின்றித் தாமே எழுந்து இயங்கவல்லவை நீர்மின் நிலையங்களே. மதகு திறந்தால் சில்லு சுழலும். ஆகவே கடலோரத்து உலைக்குக் காவலாக நிற்கப்போவது மலைநாட்டு நீரே. மிஞ்சிய மின்னைக் கொண்டு நீரை மேலேற்றித் தேக்கி, வேண்டும்போது கீழிறக்கி மின்னாக்கும் திட்டங்களும் இம்மலைச் சரிவுகளையே நோக்குகின்றன. முதலாவது அணு மின்நிலையத்துக்கான அடித்தளத்தில் ஒரு பகுதி நம் ஓயாக்களிலும் அணைகளிலும் கிடக்கின்றது என்று சொல்வது மிகையன்று.

இனிக் காலமறிதலை நோக்குவோம். களனி கங்கையின் கிளைகளாகிய கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் மலையினின்று வீழும் ஆற்றலைக் கொண்டு நாட்டுக்கு மின்னாக்கலாம் என்பதை இலங்கைப் பொறியியலாளர் தே. ஜ. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டில் பொறியியற் சங்கத்தின் முன் ஆய்வுரையாகப் படித்தார். அக்கால ஆட்சியாளர் அதனைப் பெரிதாக மதித்திலர். 1920-களில் தொடங்கிய வேலையும் இடையில் நின்றது. லக்சபானவில் மின்பிறந்தது 1950 ஆம் ஆண்டில். இடையே 32 ஆண்டுகள் கழிந்தன. 1874 ஆம் ஆண்டிற் பிறந்த அப்பெருமகன் தம் கனவு கைகூடியதைக் கண்டபின் 1953 ஆம் ஆண்டில் மறைந்தார். எல்லார்க்கும் தெரிந்த நீரைக் கொண்டு, எல்லார்க்கும் தெரிந்த சில்லைச் சுழற்றவே அத்தனை காலம் சென்றது.

அணுவுலையின் வரலாறும் இதனின் வேறன்று. பங்களாதேஷ் நாட்டு ரூப்பூரில் நிலையத்துக்கான இடம் தெரிந்தெடுக்கப்பட்டது 1960-களில். முதலாவது உலைக்குக் கொங்கிறீற்று வார்த்தது 2017 ஆம் ஆண்டில். பிலிப்பைன்ஸ் நாட்டார் பட்டான் என்னுமிடத்தில் 1976 ஆம் ஆண்டில் தொடங்கி 621 மெகாவாட் நிலையமொன்றைக் கட்டிமுடித்தனர். 1986 ஆம் ஆண்டில் ஆட்சி வீழ்ந்தது. அதே ஆண்டில் செர்நோபில் விபத்தும் நேர்ந்தது. அந்நிலையம் ஒரு நாளேனும் மின்னாக்கவில்லை. அதற்காகப் பெற்ற கடனை அந்நாட்டு மக்கள் 2007 ஆம் ஆண்டுவரை அடைத்தனர். பொறி வந்தது, ஆயத்தம் வரவில்லை. காலமறியாது செய்த வினைக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது.

இடனறிதலும் சுற்றந்தழாலும் என்னும் இரண்டையும் யான் ஒருங்கே வைத்துப் பேச விழைகின்றேன். அரசர்க்குச் சுற்றமாவார் குடிகளும் ஆவர் எனக் கொள்ளுதல் இக்காலத்துக்குப் பொருந்தும். ஓரிடத்தைத் தெரிந்தெடுப்பார் அவ்விடத்து மண்ணின் உறுதியையும் நீரின் அளவையும் நிலநடுக்க வரலாற்றையும் ஆராய்வர்; அம்மண்ணில் வாழ்வாரை ஆராய மறப்பர். எங்கள் மலைநாட்டில் அதுவே நேர்ந்தது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலார் குடியுரிமை இழந்தனர். இரண்டாண்டு கழித்து அவர்தம் மலைகளிலிருந்து லக்சபான மின் கொழும்புக்குச் சென்றது. 1960-களில் காசல்ரீ அணையும் மவுசாக்கலை அணையும் எழுந்தன. அதே காலத்தில், 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில், இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. நீரைத் தேக்கிய ஆண்டுகளிலேயே மனிதரைப் பிரித்தனர். பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. கடுங்கோடையில் நீர் வற்றுங்கால் அந்நகரத்துக் கோயிலின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டும். அயலூரார் சென்று கண்டு மீள்வர்.

யான் பிறந்த தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு மேலேயுள்ள மலைமுகட்டில் உயரழுத்தக் கம்பிகளைத் தாங்கிய இரும்புக் கோபுரமொன்று நின்றது. பனி இறங்கிய இரவுகளில் அக்கம்பிகள் இரைவது, காம்பராவிற் படுத்திருக்கும் எமக்குக் கேட்கும். தொழிற்சாலையில் விளக்கெரிந்தது, துரை பங்களாவில் எரிந்தது. நாங்களோ குப்பி விளக்கின் புகையில் ஆத்திசூடி படித்தோம். காலையில் மூக்கைத் துடைத்தால் துணி கறுக்கும். எம்மைப் போல் வளர்ந்தவர் மலைநாட்டில் எண்ணிறந்தோர். லயங்களுக்கு மின் வந்தது மெல்ல மெல்ல, ஒரு தலைமுறைக்குப் பின். தலைக்கு மேலே செல்லும் மின் தன் கூரைக்குள் வாராதது ஏன் என்று கேட்க, அன்று பலருக்கு வாக்குச்சீட்டும் இல்லை. குடியுரிமைக் குறை முற்றும் தீர்வதற்கான சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே வந்தது.

இதனைப் பழங்கணக்காகக் கூறுகின்றேனல்லேன். அணுவுலைக்கான பத்தொன்பது தலைப்புகளுள் மக்கள் ஈடுபாடு ஒன்று என முன்னர்க் கூறினேன். அதனை ஏட்டில் எழுதுவது எளிது. நாட்டில் ஆக்குவது அரிது. கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988 ஆம் ஆண்டிற் கைச்சாத்தானது. கட்டட வேலை 2002 ஆம் ஆண்டிற் தொடங்கியது. புகுசிமா விபத்தின் பின், 2011 ஆம் ஆண்டில், இடிந்தகரை மீனவரும் அயலூர் மக்களும் பெருந்திரளாக எழுந்தனர். முதலாவது உலை 2013 ஒக்டோபரிலேயே மின்தொகுதியுடன் இணைந்தது. அதற்கு முன் அவ்வாண்டு மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் இசைவளித்தபோதும் பல நிபந்தனைகளை விதித்தே அளித்தது. அம்மக்களின் அச்சம் எத்துணை அளவு பொருந்தும் என்பதில் அறிஞர் வேறுபடுவர். ஆயின் கட்டிமுடிந்தபின் கேட்பது கேட்பதாகாது என்பதில் எவரும் வேறுபடார். நம் கற்பிட்டிக்கும் கூடங்குளத்துக்கும் இடைத்தொலைவு 250 கிலோமீற்றருக்கு உட்பட்டதே. ஆதலின் அவசரகால ஏற்பாடு என்பது நம் நாட்டில் உலை வைத்தபின் நினைக்கவேண்டிய ஒன்றன்று, இன்றே வேண்டுவது.

அவ்வேற்பாட்டில் தமிழாசிரியர்க்கு உரிய பணி ஒன்றுண்டு. விபத்து நேரத்தில் விடுக்கும் அறிவித்தல், கேட்டவுடன் விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். யுரேனியம் முதலியவை தாமே கதிர் உமிழும் இயல்பை நம் நாட்டுப் பாடநூல்கள் கதிர்த்தொழிற்பாடு என்கின்றன. தமிழ்நாட்டு நூல்கள் கதிரியக்கம் என்கின்றன. வானொலியில் ஒரு சொல்லும் செய்தித்தாளில் மற்றொரு சொல்லும் வருமாயின், கொழுந்து பறிக்கும் தாய் இரண்டனையும் இரு வேறு பொருளெனக் கொள்வாள். கதவடைத்து வீட்டுள் இருப்பதா, ஊரைவிட்டு வெளியேறுவதா என்று அவளுக்கு ஐயமறச் சொல்லவேண்டிய வேளையில் சொல் தடுக்குமாயின், பல்லாயிரம் கோடி செலவிட்ட ஏற்பாடும் பயன்படாது. 1950-களிலும் 60-களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை ஆக்கி வெளியிட்டது. அத்தகைய உழைப்பு இத்துறைக்கு மீண்டும் வேண்டும்.

தெரிந்துதெளிதலும் தெரிந்துவினையாடலும் ஆளணி பற்றியவை. ஓர் உலையை இயக்க நூற்றுக்கணக்கான வல்லுநர் வேண்டும். அவரை மேற்பார்க்க, அவர்க்கு அஞ்சாத வேறு வல்லுநர் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணுவிஞ்ஞானத்துக்கெனத் துறையொன்று உண்டு. வித்து இல்லாமல் இல்லை. ஆயின் கற்றவர் கடல்கடந்து செல்லும் நாட்டில் அவ்வித்து காடாதல் எளிதன்று. அன்றியும், அத்துறைக்கு மலைநாட்டுப் பாடசாலைகளிலிருந்து எத்தனை மாணாக்கர் செல்ல இயலும்? உயர்தரத்தில் பௌதிகமும் இணைந்த கணிதமும் படிப்பிக்கத் தமிழ்மொழி ஆசிரியர் இன்மையால் கலைப்பிரிவுக்குத் திரும்பிய கூரிய மாணாக்கர் பலரை யான் என் வகுப்பில் ஏற்றிருக்கிறேன். தமிழுக்கு அவர் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. விரும்பி வாராமல் வழியின்றி வந்ததில் மகிழ்ச்சி இல்லை. தோட்டத்துப் பாடசாலையில் அமர்த்தும் ஒரு பௌதிக ஆசிரியரும் முதலாவது அணு மின்நிலையத்தின் உட்கட்டமைப்பே ஆவார்.

இறுதியாக நிற்பது பொச்சாவாமை. உவகை மிகுதியால் வரும் மறதியை அஞ்சுக என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. அணுவுலைத் துறையார் பாதுகாப்புப் பண்பாடு எனப் போற்றுவதும் இதுவே. உலை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இயங்கும். அதன் கழிவு பல்லாயிரம் ஆண்டுகள் காவல் வேண்டும். ஆட்சி மாறுந்தோறும் சபைகளையும் சட்டங்களையும் கலைத்துக் கட்டும் நாடு, அத்துணை நீண்ட நினைவை எங்ஙனம் போற்றும்? அமிழ்ந்த நகரத்து மக்களையும், இருளில் இருந்த லயங்களையும் ஐம்பதாண்டிற்குள் மறந்த நினைவு அது.

ஆதலின் அரசினர்பால் நாம் கேட்கவேண்டுவது பெரிதொன்றுமில்லை. ஆயத்தத்தின் ஒவ்வொரு படியிலும் ஆராய்ந்து கண்டவற்றைச் சிங்களத்திலும் தமிழிலும் முழுமையாக வெளியிடுக. இடத்தைக் குறிக்குமுன் அவ்விடத்தாரைக் கேட்க. நீர் தரும் மலைக்கும் நிலம் தரும் கரைக்கும் மின்னில் உரிய பங்கு இன்னதென்பதைக் கட்டுமுன்னே சட்டத்தில் எழுதுக. ஆசிரியர்கள் அவ்வறிக்கைகளை வகுப்பிற்குக் கொண்டுசெல்க. மாணாக்கர் அவற்றைப் படித்து வினாக்கள் எழுப்புக. வினா எழுப்பும் குடிகளை ஆக்கிக்கொண்ட நாடு உலை வைத்தாலும் வைக்கலாம். வையாது விடத் துணிந்தாலும் அறிந்தே விடும்.